ஜென் உடம்பில் எஸ்டீம் இன்ஜின்

மாருதி 800-ஐ நாம் எல்லோரும் சின்ன இன்ஜின் வண்டி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதன் பிறந்த ஊர்க் கணக்கில் அது பெரிய இன்ஜின் வண்டி. ஜப்பானில் ‘கேய்’ என்று ஒரு வகை கார் உண்டு. நீளம், அகலம், இன்ஜின் கொள்ளளவு எல்லாவற்றுக்கும் அரசு ஒரு வரம்பு போட்டு, அதற்குள் அடங்குகிற வண்டிக்கு வரியில் சலுகை கொடுக்கும். 1976 முதல் 1989 வரை அந்த வரம்பு 550 சி.சி. 1986-ல் நமக்கு வந்த இரண்டாம் தலைமுறை 800-இன் உடம்பு, அங்கே 543 சி.சி. இன்ஜினோடு ஓடிக்கொண்டிருந்த ஆல்ட்டோவின் உடம்புதான். ஜப்பானுக்கு வெளியே அந்த வரம்பு கிடையாது என்பதால், சுசுகி அதே உடம்பில் 796 சி.சி. இன்ஜினை இறக்கி அனுப்பியது. கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. நம்மில் பலருடைய அப்பாக்கள் முதன்முதலில் வாங்கிய கார், கம்பெனியே செய்து கொடுத்த ஓர் இன்ஜின் மாற்றம்.

2000-ல் அதே வேலை இன்னொரு முறை நடந்தது. மாருதி ஆல்ட்டோ இங்கே இரண்டு இன்ஜினோடு விற்பனைக்கு வந்தது: ஒன்று 796 சி.சி., இன்னொன்று 1061 சி.சி. இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். இரண்டிலும் சிலிண்டரின் விட்டம் 68.5 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 72 மில்லிமீட்டர். ஆக, ஒரு சிலிண்டருக்கு 265 சி.சி. சொச்சம். மூன்று வைத்தால் 796, நான்கு வைத்தால் 1061. வேகன் ஆரில் இருந்த நாலு சிலிண்டர் இன்ஜினை ஆல்ட்டோவுக்குள் வைத்தார்கள். உடம்பு அதே உடம்பு, ரோட்டில் குணம் மட்டும் வேறு. அந்த 1.1 ஆல்ட்டோவை ஓட்டியவர்களிடம் இன்றைக்கும் அதைப் பற்றிக் கேளுங்கள், குரலே மாறும்.

ஆகவே சின்ன வண்டிக்குப் பெரிய இன்ஜின் என்ற ஆசையில் விபரீதம் ஒன்றும் இல்லை. நான் அந்த ஆசைக்காரர்களின் கட்சி. ஆனால் கம்பெனி ஒரு வண்டிக்குப் பெரிய இன்ஜின் வைக்கும்போது அதோடு சேர்த்து வேறு என்னவெல்லாம் மாற்றுகிறது என்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. பட்டறையில் செய்யும் மாற்றங்கள் பலவும் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

இதற்குப் பழைய, நல்ல உதாரணம் இங்கிலாந்தின் மினி. 1959-ல் வந்தபோது அதில் 848 சி.சி. இன்ஜின், 34 குதிரைத்திறன். பந்தயக் கார் கட்டும் ஜான் கூப்பர் அந்தக் குட்டி வண்டி வளைவுகளில் திரும்புகிற அழகைப் பார்த்து, இன்னும் வலுவான இன்ஜின் வைக்கலாம் என்று கம்பெனியைச் சம்மதிக்க வைத்தார். 1961-ல் மினி கூப்பர் வந்தது: 997 சி.சி., 55 குதிரைத்திறன். கூடவே முன்சக்கரங்களில் டிரம் போய் டிஸ்க் பிரேக் வந்தது. இரண்டு வருடம் கழித்து 1071 சி.சி. கூப்பர் எஸ் வந்தபோது அந்த டிஸ்க்கும் பெரிதாகி, பிரேக்குக்கு, காலின் அழுத்தத்தைக் கூட்டித் தருகிற பூஸ்டரும் சேர்ந்தது. ஒவ்வொரு முறை இன்ஜின் வளர்ந்தபோதும் பிரேக்கும் கூடவே வளர்ந்திருக்கிறது. அந்த 55 குதிரையைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இந்த டிஸ்க்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு எப்போதும் ஆதங்கம்.

நம் நாட்டில் இந்த ஆசைக்கு அதிகம் ஆளான வண்டி என்றால் அது மாருதி ஜென். 1993-ல் வந்தது. 993 சி.சி., நாலு சிலிண்டர், அலுமினிய பிளாக், 50 குதிரைத்திறன். எடை முக்கால் டன்னைச் சுற்றி. அதே வீட்டுப் பிள்ளை எஸ்டீம், 1298 சி.சி. முதலில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கிற கார்புரேட்டரோடும் எட்டு வால்வோடும் 65 குதிரைத்திறன் கொடுத்தது. பிறகு பதினாறு வால்வும் எம்.பி.எஃப்.ஐ. என்கிற இன்ஜெக்டர் முறையும் வந்து 85 ஆனது. இரண்டும் சுசுகியின் ‘ஜி’ வரிசை இன்ஜின்கள், ஜி10, ஜி13 என்று பெயரிலேயே உறவு தெரியும். ஒரே குடும்பம் என்பதால் மவுண்டிங் வருகிற இடங்களும் கியர்பாக்ஸ் சேரும் முகமும் பெரும்பாலும் ஒத்துப்போகும். வேறு கம்பெனி இன்ஜினை இறக்கினால் லேத் பட்டறையிலேயே மாதக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும். இதில் அந்தப் பாடு குறைவு.

அந்தப் பதினாறு வால்வு இன்ஜின் இங்கே வந்ததற்குக் காரணம் வேகம் அல்ல, புகை. 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், டெல்லி வட்டாரத்தில் பதிவாகும் புதிய தனியார் கார்கள் அந்த ஆண்டு ஜூன் 1 முதல் யூரோ 1 தரத்துக்கும், 2000 ஏப்ரல் 1 முதல் யூரோ 2 தரத்துக்கும் வர வேண்டும் என்று உத்தரவிட்டது. கார்புரேட்டரை வைத்துக்கொண்டு அந்தத் தரத்தைத் தொடுவது ரொம்பக் கஷ்டம். கார்புரேட்டருக்கு இருக்கிற அறிவு காற்றின் இழுப்பும் ஒரு சின்னத் துளையும்தான். எம்.பி.எஃப்.ஐ.யில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர், எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று கணக்குப் போட ஒரு கணினி. புகையைக் குறைக்க வந்த அந்த ஏற்பாடு, கூடவே இழுவையையும் கொண்டுவந்து சேர்த்தது.

அதே 1.3 இன்ஜின் 2005-ல் ஸ்விஃப்ட்டுக்கும் போனது. அங்கிருந்து அதை விரட்டியதில் வரிக்குப் பெரிய பங்கு உண்டு. 2006 பட்ஜெட்டில், நாலு மீட்டர் நீளத்துக்குள்ளும் பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள்ளும் இருக்கிற கார்களுக்குக் கலால் வரியைக் குறைத்தார்கள். 1298 அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றது. 2010-ல் ஸ்விஃப்ட்டுக்கு 1197 சி.சி. இன்ஜின் வந்தது. சக்தி ஏறக்குறைய அதேதான், வரி மட்டும் குறைவு. ஜப்பானில் 550, இங்கே 1200. நாம் ஓட்டுகிற வண்டியின் இன்ஜின் அளவைப் பொறியாளர்களோடு சேர்ந்து வரி அதிகாரிகளும்தான் முடிவு செய்திருக்கிறார்கள். பழைய எஸ்டீம்களும் முதல் ஸ்விஃப்ட்டுகளும் உடைக்க வந்தபோது, அந்த 1.3 இன்ஜின் சென்னைப் புதுப்பேட்டை மாதிரியான பழைய உதிரிபாகச் சந்தைகளுக்கு வந்து சேர்ந்தது.

கணக்கைப் பார்த்தால் ஆசை ஏன் வருகிறது என்று புரியும். 750 கிலோ வண்டியில் 50 குதிரை என்றால் ஒரு குதிரைக்கு 15 கிலோ சுமை. 85 குதிரை வைத்தால் ஒன்பது கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. அந்த இன்ஜின் பிறந்த எஸ்டீமிலேயே ஒரு குதிரைக்குப் பத்து கிலோவுக்கு மேல் வரும். அதாவது ஜென், தனக்கு இன்ஜின் கொடுத்த வண்டியையே முந்தும். சுசுகியும் இதைச் செய்து பார்த்த கம்பெனிதான். 1980-களின் கடைசியில் வெளிநாடுகளில் ஓடிய ஸ்விஃப்ட் ஜிடிஐ, இந்த 1.3 குடும்பத்தின் இரட்டைக் கேம்ஷாஃப்ட் இன்ஜினை ஒரு சின்ன உடம்பில் வைத்ததுதான். சுமார் 100 குதிரைத்திறன்.

சரி, பட்டறைக்குப் போவோம்.

சில வருடங்களுக்கு முன் பொள்ளாச்சி நண்பர் ஒருவரோடு கோவையில் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். அவருடையது 1998 மாடல் ஜென், கார்புரேட்டர் வண்டி. நாலு பேர் ஏறி ஏசியும் போட்டால் வால்பாறை மலையில் மூச்சு வாங்குகிறது என்பது அவர் குறை. எஸ்டீம் இன்ஜின் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, இறக்கித் தர முடியுமா என்று கேட்டார். மெக்கானிக்குக் கிட்டத்தட்ட அறுபது வயது இருக்கும். தலைக்கு மேல் செயின் பிளாக்கில் வேறொரு வண்டியின் இன்ஜின் தொங்கிக்கொண்டிருந்தது, சம்ப்பிலிருந்து ஆயில் சொட்டிக்கொண்டு.

“இன்ஜின் உக்காந்துருங்க தம்பி. மத்ததெல்லாம் உக்காரோணுமில்லீங்க” என்றார். அப்புறம் ஒரு சாக்பீஸை எடுத்துத் தரையில் வரிசையாக எழுத ஆரம்பித்தார். மவுண்டிங், ஆக்சில், கிளட்ச், ரேடியேட்டர், பெட்ரோல் பம்ப், வயரிங், பிரேக், ஸ்பிரிங். கடைசியாக ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) என்று எழுதி, அதைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் போட்டார்.

இந்த விஷயத்தில் நான் பார்த்த ஆகச் சிறந்த பாடம் அந்தத் தரைதான்.

மவுண்டிங் என்றால் இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் கட்டை என்றுதான் நினைக்கிறோம். தாங்குவதை விட அதற்குப் பெரிய வேலை, முறுக்கை அடக்குவது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சக்கரம் ஒரு பக்கம் சுழல, அதன் எதிர்விசை இன்ஜினை மறுபக்கம் திருப்பப் பார்க்கும். ஜென் இன்ஜினின் முறுக்குவிசை 70 நியூட்டன் மீட்டரை ஒட்டி, எஸ்டீம் 110-ஐ ஒட்டி. முதல் கியரில் எல்லாப் பற்சக்கரமும் சேர்ந்து அதைப் பதினாலு மடங்கு பெருக்குகிறது என்று வைத்துக்கொண்டால், 980-ஐத் தாங்கிய ரப்பர் இனி 1540-ஐத் தாங்க வேண்டும். இதில் பழைய மவுண்டிங்கையே போட்டால் கிளட்சை விடும்போதெல்லாம் இன்ஜின் குதிக்கும், சைலன்சர் பைப் கிழியும். இன்னொரு சிக்கல், பிராக்கெட்டை வெட்டி வெல்டு வைக்கும்போது வருவது. சில மில்லிமீட்டர் சாய்ந்தாலும், கியர்பாக்ஸின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற ஆக்சில் வெளியே வருகிற கோணம் மாறிவிடும். அப்படி ஓடுகிற ஆக்சிலின் மூட்டு சீக்கிரமே ‘கட கட’ என்று சத்தம் போட ஆரம்பிக்கும். வளைவில் திரும்பும்போது அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்கும்.

ஆக்சிலில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கியர்பாக்ஸுக்குள் போகிற முனையில் ஒரு பல் எண்ணிக்கை, சக்கரத்துக்குள் போகிற முனையில் இன்னொன்று. எஸ்டீம் கியர்பாக்ஸையும் சேர்த்துப் போட்டால் உள்முனை எஸ்டீமுக்கும் வெளிமுனை ஜென்னுக்கும் பொருந்த வேண்டும். இரண்டு வண்டியின் பாகங்களைச் சரியாகச் சேர்த்து இதைச் செய்யலாம். ஆனால் கம்பியை நடுவில் வெட்டி வெல்டு வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், வண்டியை அங்கிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். முறுக்கி முறுக்கி நிமிர்கிற கம்பியில் வெல்டு வைத்த இடம்தான் முதலில் உடையும். அது 80 கிலோமீட்டர் வேகத்தில் உடைந்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுதத் தேவையில்லை. அப்புறம், இந்த வண்டிகளில் இடது ஆக்சிலும் வலது ஆக்சிலும் ஒரே நீளம் கிடையாது. இழுவை கூடும்போது ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுப்பதை உணரலாம். அது கெட்டுப்போனதால் வருவதல்ல. அமைப்பிலேயே இருப்பது, முன்பு சக்தி குறைவாக இருந்ததால் தெரியாமல் இருந்தது.

ஜென் கியர்பாக்ஸையே வைத்துக்கொள்ளலாமா? வைக்கலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஊருக்குள் வண்டி துள்ளும். ஹைவேயில் ஐந்தாவது கியரிலும் இன்ஜின் இன்னொரு கியரைக் கேட்டுக் கத்திக்கொண்டிருக்கும், ஏனென்றால் அந்தப் பல்விகிதம் சின்ன இன்ஜினுக்காகப் போட்டது. கிளட்ச் பிளேட்டை மட்டும் பெரிய இன்ஜினுக்கு உரியதாகப் போட்டுவிட வேண்டும். கியர்பாக்ஸை மாற்றினால் ஸ்பீடோமீட்டர் காட்டுகிற வேகம் சரிதானா என்று பார்க்க வேண்டும். ஜி.பி.எஸ். வைத்து ஒரு தடவை ஓட்டினால் தெரிந்துவிடும்.

பெட்ரோல் வழி, அதிகம் பேசப்படாத ஆபத்து. கார்புரேட்டர் வண்டியில் பம்ப் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அதன் அழுத்தம் ஒரு ‘பார்’ (அழுத்தத்தை அளக்கும் அலகு) என்பதில் கால் பங்குதான். எம்.பி.எஃப்.ஐ.க்கு மூன்று பாரை ஒட்டி வேண்டும். பத்து மடங்குக்கு மேல். அந்தப் பழைய ரப்பர் குழாயையும் திருகு கிளிப்பையும் அப்படியே விட்டுவிட்டு மின்சார பம்ப்பை மட்டும் மாட்டினால், ஒருநாள் குழாய் நழுவும். நழுவினால் பெட்ரோல் சொட்டாது, பீய்ச்சி அடிக்கும். அடிக்கிற இடத்தில் சிவக்கச் சூடான எக்சாஸ்ட் இருக்கும். தடிமனான உயர் அழுத்தக் குழாய், அதற்கென்றே உள்ள கிளிப், விபத்தில் பம்ப் தானாக நிற்கும் ஏற்பாடு, இந்த மூன்றையும் செய்யாமல் சாவியைத் திருப்பக் கூடாது. டேங்க்கும் எம்.பி.எஃப்.ஐ. வண்டியின் டேங்க்காக இருப்பது நல்லது. பழைய டேங்க்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது வளைவில் அது ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். கார்புரேட்டருக்குத் தன் கிண்ணத்தில் கொஞ்சம் சேமிப்பு உண்டு. இன்ஜெக்டருக்குக் கிடையாது.

வயரிங்கில் பொறுமை ஒன்றுதான் மருந்து. காற்றழுத்தம், காற்றின் சூடு, தண்ணீரின் சூடு, திராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, கேம்ஷாஃப்ட் எங்கே நிற்கிறது, எக்சாஸ்ட்டில் ஆக்சிஜன் எவ்வளவு, இத்தனையையும் கேட்டுத்தான் இ.சி.எம். என்கிற அந்தக் கணினி பெட்ரோலை அளக்கிறது. ஒரு சென்சார் வயர் விட்டுப்போனாலும் வண்டி ஓடும், ஆனால் குடித்துவிட்டு ஓடுவது மாதிரி ஓடும். இன்ஜினை மட்டும் தூக்கிக்கொண்டு வராமல், அந்த வண்டியின் வயரிங் முழுவதையும், இ.சி.எம்.மையும், ஃபியூஸ் பெட்டியையும் சேர்த்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம். கழற்றும்போதே ஒவ்வொரு கனெக்டரிலும் டேப் ஒட்டி எழுதிவைத்துவிட்டால், மாட்டும்போது ஒரு வாரம் மிச்சம். எர்த் வயரை மட்டும் பழையதாக விட வேண்டாம். காரணமே தெரியாத பல கோளாறுகள் கடைசியில் துருப்பிடித்த ஓர் எர்த் போல்ட்டில் போய் முடியும்.

ரேடியேட்டர் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். எரிகிற பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைச் சூடாக்கப் போகிறது. பெரிய இன்ஜின், அதிக பெட்ரோல், அதிக சூடு. சித்திரை வெயிலில் ஏசி போட்டு டிராஃபிக்கில் நிற்கிற வண்டிக்குச் சின்ன ரேடியேட்டர் போதாது.

இனி பிரேக். மினி கூப்பரின் டிஸ்க்கை இங்கே மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற வண்டியில் சேர்ந்திருக்கிற சக்தி, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. 100 கிலோமீட்டரில் ஓடிய வண்டி 140-ல் ஓடினால் வேகம் ஒன்றரை மடங்குகூட இல்லை, ஆனால் பிரேக் சூடாக மாற்ற வேண்டிய சக்தி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஜென்னின் பிரேக் 50 குதிரைக்காகச் செய்தது. முதல் தடவை அழுத்தும்போது பிடிக்கும். மலையிறக்கத்தில் ஐந்தாவது, ஆறாவது தடவை பெடல் மெத்தென்று போகும். எஸ்டீமின் முன் டிஸ்க், காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் என்று ஒரே வண்டியின் முழு செட்டாக மாற்ற வேண்டும். முன்னால் மட்டும் பெரிதாக்கிவிட்டுப் பின்னால் அப்படியே விட்டால், பிடிப்பு முழுக்க முன்சக்கரத்துக்கே போய்விடும். பின்னால் மட்டும் பெரிதாக்கினால் ஈர ரோட்டில் வண்டி வாலைச் சுழற்றும். டயரும் இதில் சேர்த்திதான். நிறுத்துவது கடைசியில் ரோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிற ரப்பர்தானே. நான் சொல்கிற வரிசை இது: முதலில் பிரேக்கையும் டயரையும் மாற்றுங்கள், ஒரு மாதம் ஓட்டுங்கள், அதற்கப்புறம் இன்ஜின். அந்த ஒரு மாதத்திலேயே வண்டி மேல் நம்பிக்கை கூடியிருக்கும்.

இப்போது, வட்டம் போட்ட அந்தக் கடைசி வார்த்தை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தெளிவாக இருக்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடுகிற மாதிரி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. ஆர்.சி.யில் இன்ஜின் நம்பர் இருக்கிறது, கொள்ளளவு இருக்கிறது. 993 என்று எழுதியிருக்கும் வண்டியில் 1298 இருந்தால் அந்த விவரம் பொய்யாகிவிடும். கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கமாகச் சொன்னது: தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. அதே ஆண்டு சட்டத்திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. புகைச் சான்று வாங்கிவிட்டால் போதும் என்று சிலர் நம்புகிறார்கள். அது புகைக்கான சான்று மட்டும்தான். பதினைந்து வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது வண்டியை நேரில் காட்ட வேண்டும். சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுக்கிற அந்த மேசையில், பானட்டைத் திறக்கச் சொல்லி இன்ஜின் நம்பரையும் பார்த்தால் கதை அங்கேயே முடிந்தது.

இன்ஷூரன்ஸ் அதை விட முக்கியம். மூன்றாம் நபர் பிரீமியமே 1000 சி.சி., 1500 சி.சி. என்று படிப்படியாகத்தான் இருக்கிறது. 993 முதல் படி, 1298 இரண்டாம் படி. முதல் படிக்குப் பணம் கட்டிவிட்டு இரண்டாம் படி இன்ஜினோடு ஓடுகிற வண்டி யார் மேலாவது மோதினால், ஆர்.சி.யில் இல்லாத இன்ஜினைக் காட்டிக் கம்பெனி கைவிரிக்க வழி இருக்கிறது. மோதப்பட்டவர் குடும்பத்துக்கு முன்னால் நீங்கள் தனியாக நிற்க வேண்டி வரலாம். அபராதத் தொகையைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

சட்டத்தில் இருக்கிற கதவுகள் இரண்டுதான். பழைய இன்ஜின் போய்விட்டால் அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜினை அனுமதி வாங்கி மாற்றி, புது நம்பரை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம். அப்படி வாங்கும்போது பில், இன்ஜின் நம்பர், அது எந்த வண்டியில் இருந்தது என்ற விவரம் எல்லாம் கையில் இருக்க வேண்டும். திருட்டு வண்டியின் இன்ஜின் நம் தலையில் விழுந்துவிடக் கூடாது. இன்னொரு கதவு, சான்று பெற்ற கிட்டை வைத்து சி.என்.ஜி., எல்.பி.ஜி., மின்சாரம் என்று எரிபொருளை மாற்றிக்கொள்வது. பழைய காரில் பேட்டரியும் மோட்டாரும் வைக்க வழி இருக்கிறது, ஆனால் அதே கம்பெனியின், அதைவிடப் புகை குறைந்த பெட்ரோல் இன்ஜினை வைக்க வழி இல்லை. இதில் எனக்கு உடன்பாடு கிடையாது.

மற்ற ஊர்களில் வழி இருக்கிறது. அமெரிக்காவில் 1990-களின் ஹோண்டா சிவிக்கில் அதே கம்பெனியின் பெரிய இன்ஜினை இறக்குவது ஒரு தலைமுறையின் பித்தாகவே இருந்தது. புகை விஷயத்தில் அந்த நாட்டிலேயே கறாரான கலிஃபோர்னியா அதைத் தடை செய்யவில்லை, நிபந்தனை போட்டது: வைக்கிற இன்ஜின், காரின் மாடல் ஆண்டோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். அந்த இன்ஜின் பிறந்தபோது அதோடு வந்த புகைக் கட்டுப்பாட்டுச் சாமான்கள் அத்தனையும் சேர்ந்து வர வேண்டும். அதற்கென்று இருக்கிற பரிசோதகர் பார்த்துச் சான்று ஒட்ட வேண்டும். பிரிட்டனில் இன்ஜினை மாற்றினால் பதிவு அலுவலகத்துக்கு ஆதாரத்தோடு எழுதி, ஆவணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். நம் ஊரிலும் பிரேக், வயரிங், பெட்ரோல் குழாய் எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்துப் போட ஓர் அதிகாரி இருந்தால், ஆர்வத்தோடு ஒழுங்காகச் செய்கிறவர்கள் வெளிச்சத்தில் செய்வார்கள். இப்போது ஒழுங்காகச் செய்தவரும் ஆக்சிலை வெல்டு வைத்தவரும் சட்டத்தின் முன் ஒன்றுதான்.

அதுவரை பெரிய இன்ஜின் வைத்த ஜென்னுக்கு நியாயமான இடம் பந்தயத் தளம். சட்டம் பதிவு கேட்பது பொது இடத்தில் ஓட்ட. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் தளத்துக்குள் ஓடுகிற பந்தய வண்டிக்கு ஆர்.சி. தேவையில்லை, லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினால் போதும். எஸ்டீம்கள் பல வருடம் சக்கை போடு போட்ட தளங்கள் அவை.

பொள்ளாச்சி நண்பர் அந்த எஸ்டீம் இன்ஜினை வாங்கவில்லை. தரையில் எழுதியதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். பெரியவர்தான் பேச்சைத் திருப்பினார். “மொதல்ல இருக்கறது எவ்வளவு இருக்குதுன்னு பாத்துக்கலாமுங்க” என்று நாலு பிளக்கையும் கழற்றி, சிலிண்டர் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று காட்டுகிற கம்ப்ரஷன் மீட்டரை ஒவ்வொரு துளையிலும் திருகி, என்னைச் சாவி திருப்பச் சொன்னார். முதல் சிலிண்டரில் முள் பதிமூன்றில் நின்றது. இரண்டாவதிலும் நாலாவதிலும் அதே மாதிரி. மூன்றாவதில் ஒன்பதைத் தாண்டவில்லை. இருபது வருடம் ஓடிய அந்த ஜென் தன் 50 குதிரையோடு மலையேறவே இல்லை, எவ்வளவோ குறைவாகத்தான் ஏறிக்கொண்டிருந்தது.

ஹெட்டை இறக்கியபோது மூன்றாவது சிலிண்டரின் எக்சாஸ்ட் வால்வு உட்காரும் இடம் எரிந்து ஓரம் அரித்திருந்தது. வால்வு, ரிங், பேரிங், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிளட்ச், கார்புரேட்டர் கழுவல், முன் பிரேக்குக்குப் புது டிஸ்க், நாலு டயர். இரண்டு வாரம் ஆனது. ஆர்.சி.யில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அடுத்த மாதம் ஆழியாறிலிருந்து நாலு பேரும் ஏசியுமாக ஏறினோம். ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில், லோம்ஸ் வியூவில் நிறுத்தியபோது, வெப்பமானி முள் பாதிக்குக் கீழே இருந்தது. நண்பர் பானட்டைத் திறந்து அந்த 993 சி.சி. இன்ஜினைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். கீழே ஆழியாறு அணையில் தண்ணீர் நிறைந்திருந்தது.